கமறியா ராத்தாவும் பதினேழாம் எபிசோட்டும்

டீவி நாடகத்தில் மையத்தை, அதாவது இறந்தவளின் உடலை, குளிப்பாட்டிய பெண்ணின் நகங்களில் சிவப்புப் பொலிஷ் இருந்தது. திங்கட்கிழமை காலையில் என் கடையில் முதல் சண்டை அதில்தான் தொடங்கியது. நகத்தில் பொலிஷ் இருந்தால் தொழுகைக்கு முன் கழுவும் வுழுவே நிறைவேறாது, அப்படியிருக்க அவள் எப்படி மையத்தைத் தொடலாம் என்று பாண்கடைக்காரரின் மனைவி கேட்டாள். மையத்துக்குச் சுற்றும் கபன் துணியை எந்தப் பக்கத்திலிருந்து மடித்தார்கள் என்பதில் இன்னொருத்திக்குச் சந்தேகம். கடைசிப் பத்து நிமிடத்தில் கரண்ட் போனதால் முடிவு தெரியாத ஒருத்தி, "ஆரு செஞ்ச? ஆரு செஞ்ச?" என்று எல்லோருடைய கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள்.

என் பெயர் மர்ஷூதா. தில்லையடியில் பதினாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அபாயா, பள்ளிக்கூடச் சட்டை, கலியாண உடுப்பு எல்லாம் தைப்பேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் துணியோடு வருவார்கள், மீதிப்பேர் வாயோடு மட்டும் வருவார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். அதை நான் மறைப்பதில்லை.

"மூடாத கோப்பு" என்ற அந்தப் பொலிஸ் நாடகம் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வரும். வாரத்துக்கு ஒரு கொலை. பதினேழாம் எபிசோட்டில் எங்களைப் போன்ற ஒரு கடலோர ஊரைக் காட்டினார்கள். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண் மவுத்தாகிவிடுகிறாள். நெஞ்சுவலி என்கிறான் புருஷன். குளிப்பாட்ட வந்தவள் மையத்தின் கழுத்தில் விரல் அடையாளங்களைக் காண்கிறாள். ஒன்றும் பேசாமல் துணியை நாடிவரை ஏற்றி மடித்துவிடுகிறாள். பல மாதங்களுக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்போது, "நான் கண்டது அமானிதம், என்னிடம் ஒப்படைத்த இரகசியம்" என்று சொல்லி அழுகிறாள். அதன்பிறகுதான் புருஷனுக்கு விலங்கு.

இரவோடிரவாக நாடகத்தின் பேஸ்புக் பக்கத்தில் ஆயிரக்கணக்கான கருத்துகள் விழுந்திருந்தன. மையத்தில் கண்டதை வெளியில் சொல்லாதது மார்க்கம், அவள் செய்ததே சரி என்று ஒரு கட்சி. அவளும் கொலைகாரிதான் என்று மற்றக் கட்சி. நான் இரண்டாம் கட்சி. "இந்தப் பொம்பளையத்தான் முதலில் உள்ளே போட வேண்டும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கத்தி ஊரையே கூட்டியிருப்பேன்" என்று எழுதினேன். காலையில் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் அத்தனை பேர் தலையாட்டியதில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

பதினொரு மணியளவில் கூட்டம் கலைந்த பிறகு கமறியா ராத்தா வந்தார்.

கமறியா ராத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவோம். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. விடியற்காலையில் இடியப்பம் அவித்து இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். புருஷன் அபூசாலி நானா உப்பளத்தில் வேலை செய்தவர், நெஞ்சுவலியில் மவுத்தாகி வெகுகாலம். பிள்ளை குட்டி இல்லை. கடலோரக் களப்புப் பக்கமாக இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய உண்மையான வேலை இடியப்பம் அல்ல. எங்கள் பக்கத்தில் பெண் யாராவது மவுத்தானால், பள்ளிவாசலில் அறிவித்தல் சொல்லும் முன்பே ஒருவர் ராத்தாவின் வாசலுக்கு ஓடுவார். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பையில் கற்பூரம், பஞ்சு, சந்தனத்தூள், கத்தரிக்கோல், கையில் மாட்டிக்கொள்ளும் துணி உறைகள் இருக்கும். அந்த உறைகளை மிச்சத் துணியில் நான்தான் தைத்துக் கொடுப்பேன். இருபத்தெட்டு வருடமாகக் குளிப்பாட்டிய அவர் ஒரு சதம் கூலி வாங்கியதில்லை. மையத்து வீட்டில் ஒரு மிடறு தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

என் உம்மாவை அவர் குளிப்பாட்டியபோது தண்ணீர் ஊற்றியது நான். அழுதுகொண்டேதான் ஊற்றினேன், ஆனாலும் அவர் செய்ததெல்லாம் எனக்கு மனதில் நிற்கிறது. இலந்தை இலை போட்ட தண்ணீரைத் தன் முழங்கை மடிப்பில் ஊற்றிச் சூடு பார்த்தார், கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல. உம்மாவின் மேல் ஒரு பெரிய துணியைப் போர்த்தி, அதற்குள்ளேயே கையை விட்டுக் கழுவினார். பக்கத்தில் நின்ற எனக்கு உம்மாவின் பாதத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கையைத் தூக்கும்போதும் மெதுவாகக் கேட்டார்.

"கையத் தூக்குறேன். நோகுதா புள்ள?"

என் உம்மாவுக்கு எழுபத்தொரு வயது. அவரையும் புள்ள என்றுதான் கூப்பிட்டார். பக்கம் புரட்டும்போது ஒரு தடவை, தலைமுடியைப் பிரிக்கும்போது ஒரு தடவை, நோகுதா புள்ள, நோகுதா புள்ள என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். "மையத்துக்கு நோகும் புள்ள. நமக்குக் கேக்காது, அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை. என் உம்மாவின் உடம்பில் அவர் என்ன கண்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. அதனால்தான் ஊர் தன் உம்மாமாரையும் பிள்ளைகளையும் அவர் கையில் ஒப்படைத்தது.

அன்றைக்குக் கை உறை கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மர்ஷூதா, அந்த நாடகத்துக்கு ஆக்கள் போன்ல கருத்து எழுதியிருக்காங்களாமே. எனக்கு அந்தப் பொடி எழுத்து தெரியுதில்ல. கொஞ்சம் வாசிச்சுக் காட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டில் டீவியே கிடையாது. பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்.

"என்ன ராத்தா, உங்கட தொழிலப் பத்தி நாடகம் வந்த உடனே நீங்களும் ரசிகையாயிட்டீங்களா?"

"வாசி புள்ள."

முதலில் என் கருத்தைத்தான் வாசித்தேன், விருப்பம் போட்டவர்களின் எண்ணிக்கையோடு. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் சரியானவள் என்றவர்களை வாசித்தேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிழையானவள் என்றவர்களை வாசித்தேன், மீண்டும் குனிந்தார். வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப் போல அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் குரலை மாற்றி மாற்றி, நடித்து வாசித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

முப்பது நாற்பது கருத்துகளுக்குப் பிறகு பெயர் தெரியாத ஒருவர் எழுதியது வந்தது.

"மையத்தின் குறையை மறைக்கச் சொல்லித்தான் மார்க்கம் சொன்னது. கொலைகாரனின் கையை மறைக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்தது அவளுடைய குறை அல்ல."

"திரும்ப வாசி" என்றார் ராத்தா.

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் தடவை வாசித்து நிமிர்ந்தேன். அவர் என் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நான் அவட ஐப் எண்டு நெனச்சேன் மர்ஷூதா. மூடிட்டேன்" என்றார்.

ஐப் என்றால் வெளியில் தெரியக்கூடாத குறை. யாருடைய ஐப் என்று கேட்டேன். அப்போதுதான் ஷிஹாராவின் பெயரைச் சொன்னார்.

ஷிஹாராவை எனக்கும் தெரியும். எலுவன்குளத்துப் பெண். உப்பு லொறி ஓட்டுகிற ஹிஷாமுக்குக் கலியாணமாகி எங்கள் பக்கம் வந்தவள். சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம் என்கிற ஆஸ்துமா, கைப்பையில் எப்போதும் மூச்சுக்கு அடிக்கிற மருந்து இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் நவம்பர் மழையில் முட்டு வந்து மவுத்தாகிவிட்டாள் என்றார்கள். வருத்தக்காரி என்று ஊருக்கே தெரிந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எலுவன்குளத்து ஆறு பாதையை மூடிப் பாய்ந்ததால் அவள் உம்மா வரப் பிந்திவிட்டார். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்கவேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். உம்மா இல்லாமலேயே குளிப்பாட்டி முடிந்தது.

"கழுத்தில இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஒண்டு" என்று ராத்தா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "துணிக்குள்ள கைய விட்டுக் கழுவினேன், விளங்கல்ல. கபன் போடக்குள்ளதான் கண்டேன். தண்ணி ஊத்தின பொம்பள அந்தப் பக்கம் திரும்பி அழுதுக்கிட்டு நிண்டா. நான் மட்டும்தான் கண்ட. புருஷன்ட அடி வாங்கின பொம்பள எண்டு மவுத்துக்குப் பொறகும் ஒரு பேர் எதுக்கு எண்டு நெனச்சேன். தலைத் துணிய ஏத்தி, நாடிக்குக் கீழ இறுக்கி மடிச்சேன். உம்மாக்காரி வந்தோன முகத்த மட்டும் காட்டினேன். அடிச்ச அடையாளம் எண்டுதான் நெனச்சேன் புள்ள. மவுத்தே அதாலதான் எண்டு நெனைக்க எனக்குப் பயமா இருந்திச்சு."

எங்கள் ஊருக்கு வெளியே யாரிடம் சொன்னாலும் இதை நம்பமாட்டார்கள். ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்த அடையாளத்தை, அவளுடைய மானத்தைக் காப்பதாக நினைத்து ஒருவர் மறைப்பாரா என்று கேட்பார்கள். ராத்தா அப்படித்தான் மறைத்தார். இருபத்தெட்டு வருடமாக எல்லாவற்றையும் மறைத்து மறைத்தே நல்லவர் என்று பெயரெடுத்த கைகள் அவை. மறைக்கக்கூடாத ஒன்று வந்தபோது அந்தக் கைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதற்குள் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. ராத்தாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கடைச் சுவரில் வெள்ளிச் சரிகை போட்ட கலியாண உடுப்பு ஒன்று பாதி தைத்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. நுரைச்சோலை நூஹு நானாவின் மகள் ருஷ்தாவின் உடுப்பு. மாப்பிள்ளை அதே ஹிஷாம். இன்னும் பன்னிரண்டு நாளில் நிக்காஹ்.

"நான் நூஹு நானாட்ட போய்ச் சொல்லப்போறேன். தனியப் போனா நம்பமாட்டாங்க. நீ என்னோட வா" என்றார்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும். ராத்தா, நேற்று ராத்திரி நாடகம் பார்த்தீர்கள், இன்று காலையில் உங்களுக்கு எல்லாம் அப்படியே தெரிகிறது, மூன்று வருடத்துக்கு முன் கண்டது இதுதானா என்று உங்களுக்கே நிச்சயமா என்று கேட்டேன். ஹிஷாம் பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிறவர், பெண்களைக் கண்டால் தலையைக் குனிந்து போகிறவர். கலியாணத்தைக் குழப்பினாள் என்ற பழி எனக்கு வேண்டாம் என்றும் நினைத்தேன். அதை வாயால் சொல்லவில்லை. தைக்க நிறைய இருக்கிறது, வர நேரமில்லை என்று மட்டும் சொன்னேன்.

ராத்தா எழும்பி, கதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை தனியாக பஸ் ஏறி நுரைச்சோலைக்குப் போனார். நூஹு நானா மிளகாய்த் தோட்டம் செய்கிறவர், நல்ல மனிதர். ராத்தாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"மூணு வருஷமா வாயத் தொறக்கல்ல. நாடகம் போனது ஞாயித்துக்கெழம. இண்டைக்குப் புதன். நான் என்ன நெனைக்கிற ராத்தா?"

பிறகு நூஹு நானா யோசித்துவிட்டு, செத்தவளின் உம்மா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்தக் கலியாணத்தை நானே நிறுத்துகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

மறுநாள் ராத்தா எலுவன்குளத்துக்குப் போனார். வில்பத்துக் காட்டோரத்தில் ஷிஹாராவின் உம்மா வயலும் இரண்டு மாடுமாகத் தனியே இருந்தார். என்ன நடந்தது என்று பிறகு ராத்தாவே எனக்குச் சொன்னார். அந்த உம்மா அழவில்லையாம். சத்தம் போடவும் இல்லையாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்.

"நீங்கதானே எனக்கு முகத்தக் காட்டின? நல்ல மவுத்து, முகம் வெளிச்சமா இருக்குது எண்டு சொன்னது நீங்கதானே? மூணு வருஷமா அத வச்சித்தான் நான் ராவையில படுக்கிறேன். இப்ப வந்து என்ட புள்ளட கபுறத் தோண்டச் சொல்றீங்களா? தோண்ட விடமாட்டேன். போங்க."

ராத்தா பொலிஸுக்கும் போனார். அங்கே ஒருவர் எழுதிக்கொண்டு, நாடகம் பார்ப்பீர்களா அம்மா என்று சிங்களத்தில் கேட்டாராம். அந்த எபிசோட்டை அவர் வீட்டிலும் யாரோ பார்த்திருக்க வேண்டும். தாய் சம்மதிக்காமல், உடம்பும் இல்லாமல் என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. நாடகத்தில் அந்தப் பெண் வாயைத் திறக்காததற்காக அவளைத் திட்டிய அதே ஆட்கள், எங்கள் ராத்தா வாயைத் திறந்ததற்காகத் திட்டினார்கள். என் கடையிலேயே கேட்டேன். நாடகம் பார்த்து மூளை குழம்பிவிட்டது என்றார்கள். ஹிஷாமிடம் ஏதோ கோபம் என்றார்கள். பாண்கடைக்காரரின் மனைவி வேறொன்று சொன்னாள், அதுதான் ராத்தாவை முடித்தது. "இண்டைக்கு அந்தப் புள்ளடயச் சொன்னவ, நாளைக்கு என்ட உம்மாடயச் சொல்லமாட்டா எண்டு என்ன நிச்சயம்?" அதன்பிறகு யாரும் ராத்தாவின் வாசலுக்கு ஓடவில்லை. பாலாவியிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். சாப்பாட்டுக் கடைகளில் ஒன்று இடியப்பத்தையும் நிறுத்திவிட்டது. ஹிஷாம் மட்டும் ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசவில்லை. அல்லாஹ் அவரைப் பொறுத்துக்கொள்ளட்டும், வயதானவர் என்றாராம். அதைக் கேட்டு ஊரே உருகியது. நானும் உருகினேன்.

சனிக்கிழமை ருஷ்தா உடுப்பு போட்டுப் பார்க்க வந்தாள். இருபத்திரண்டு வயது, பேச்சுக்கு முன் சிரிப்பு வருகிற பிள்ளை. திரைக்குப் பின்னால் நான் கழுத்துப் பட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமி, கமறியா மாமி வந்து வாப்பாட்ட சொன்ன கத உண்மையா? நீங்க அவங்களோட நல்ல பழக்கம்தானே. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

என் வாயில் நாலைந்து ஊசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியில் குத்தும் வரை எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. ராத்தா யாரைப் பற்றியும் பொய் சொல்லாதவர் என்று எனக்குத் தெரியும். என் உம்மாவின் கையைத் தூக்கும்போது நோகுதா என்று கேட்டவர் அவர். இத்தனையும் தெரிந்துகொண்டு சொன்னேன்.

"சீ, விடு மகள். நாடகத்தப் பாத்துட்டு ஒளர்றா."

ருஷ்தா பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. உடுப்பு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பத்து மாதம் போனது. நாடகம் அறுபதாம் எபிசோட்டைத் தாண்டிவிட்டது, பதினேழாவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ராத்தா மிச்சமிருந்த ஒரு கடைக்கு மட்டும் இடியப்பம் அவித்தார். வழியில் கண்டால் ஸலாம் சொல்வார், நானும் சொல்வேன். கை உறைகள் அவர் கேட்கவில்லை. நானும் தைக்கவில்லை.

போன மாதம் ஒரு பகல் வேளையில் ருஷ்தா கடைக்கு வந்தாள். தடித்த ஷோல் துணியைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போட்டிருந்தாள். வெளியில் நெருப்பு வெயில். சிரிப்பு முன்னால் வரவில்லை, பின்னாலும் வரவில்லை.

"மாமி, நாலு சட்டை தைக்கணும். கழுத்து உசத்தி, கை நீளமா."

"கொலர் வச்சா?"

"ஓம். நல்லா உசரமா."

திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். ஷோலை எடு என்றேன். எடுக்காமல் மேலாலேயே அளக்கச் சொன்னாள். மேலால் அளந்தால் கழுத்து அளவு பிழையாகும் என்றேன். தொழில் பேச்சுத்தான், வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவள் மெதுவாக ஷோலைத் தளர்த்தினாள். அளவு நாடாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்ட என் கை அப்படியே நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் ஒன்று.

நீலமும் மஞ்சளுமாக, விரலின் அகலத்தில். ராத்தா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிய அதே இடங்கள்.  கத்தி ஊரையே கூட்டியிருப்பேன் என்று எழுதியவள் நான். இருநூற்றுப் பதினான்கு பேர் தலையாட்டினார்கள். இப்போது என் கை போய்த் திரையை இன்னும் இழுத்து மூடியது.

"மாமி, ஒருத்தருக்கும் சொல்லிடாதீங்க" என்றாள் ருஷ்தா. "வாப்பாக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு. இது உங்களுக்கும் எனக்கும் உள்ள அமானிதம்."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்குக் கமறியா ராத்தா விளங்கினார். கண்டதை மூடச் சொல்லி ஒரு பெண் கெஞ்சும்போது, மூடுவதுதான் இரக்கம் என்று தோன்றுகிறது. எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. என் கை கொலருக்கு எத்தனை அங்குலம் என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. செத்தவளின் கழுத்தில் துணியை மடித்த ராத்தாவை ஊரோடு சேர்ந்து தள்ளிவைத்தவள், உயிரோடிருப்பவளின் கழுத்துக்குக் கொலர் வெட்டப் பார்த்தேன். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"தைக்கமாட்டேன் மகள். வா என்னோட."

"எங்க மாமி?"

"வா."

கடைக் கதவை இழுத்துப் பூட்டினேன். களப்புப் பக்கம் நடக்கும்போது ருஷ்தா இரண்டு தடவை நின்றாள். நான் கையை விடவில்லை. ராத்தா முற்றத்தில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழும்பினார். நான் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"ராத்தா, எனக்கிட்ட இந்தப் புள்ள கேட்டா. நான் பொய் சொன்னேன்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அழுதுவிட்டேன்.

ராத்தா என்னைத் தேற்றவில்லை. அதற்கு நேரமில்லை என்பதுபோல் என்னைத் தாண்டிப்போய், ருஷ்தாவைப் பலகையில் உட்காரவைத்து, ஷோலை அவிழ்த்தார்.  பிறகு ஈரக் கையைத் தன் சேலையில் துடைத்துவிட்டு, அந்த நாலு அடையாளத்தின் மேலும் மெதுவாக, ஒவ்வொரு விரலாக வைத்தார். உறை இல்லாத வெறுங்கை. உயிருள்ள கழுத்து.

"நோகுதா புள்ள?"

பழக்கத்தில்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு வழக்கம்போல அடுத்த வேலைக்கு அவர் கை நகரப் பார்த்தது.

"ஓம் மாமி" என்றாள் ருஷ்தா. "நல்லா நோகுது."

ராத்தாவின் கை நின்றது. இருபத்தெட்டு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஷிஹாராவிடமும் கேட்டிருப்பார். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ருஷ்தாவின் மடியில் தலையை வைத்து, வாய்விட்டு அழுதார். எத்தனை மையத்து வீட்டில் அவரைப் பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் கண்டதில்லை. ருஷ்தா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் அழத் தொடங்கினாள்.

அழுது முடிந்ததும் ராத்தா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இப்போது நம்பமாட்டேன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது, சொல்ல வாய் இருக்கிறவளே கூட வருகிறாள் என்றார். முதலில் ஆஸ்பத்திரி, அங்கே டொக்டர் எழுதித் தரட்டும், பிறகு பொலிஸ், அதன்பிறகு நூஹு நானா என்று வரிசையாகச் சொன்னார். நாளைக்குப் போனால் என்ன என்று ருஷ்தா கேட்டாள்.

"நாளைக்கு நிறம் மாறிடும்" என்று சொல்லிவிட்டு ராத்தா செருப்பைத் தேடினார்.